படிவம் நிரம்புகிறது, சந்திப்பு பதிவாகவில்லை: அறிகுறி வழியாகப் பிழை நீக்கும் முறை

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்வோர், பர்கூர்ப் பக்கம் கிரானைட் பலகை அறுத்து விற்போர், ஓசூரிலும் தர்மபுரியிலும் மருத்துவமனை நடத்துவோர் எனப் பலருடைய இணையதளங்களில் விசாரணைப் படிவத்தையும் சந்திப்பு முன்பதிவுக் கருவியையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். இணைத்த சில மாதங்களில் "படிவம் வேலை செய்யவில்லை" என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் படிவமும் நன்றாக இருக்கும், முன்பதிவுக் கருவியும் நன்றாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் ஏதோ ஒன்று நழுவியிருக்கும். மறுமுனையில் ஒருவர் தம் விவரங்களையெல்லாம் நிரப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவருக்காகவாவது அந்த இடத்தை விரைவாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், நான் பின்பற்றும் வரிசையை அப்படியே எழுதுகிறேன். கேலண்ட்லி, கால்.காம், கூகுள் காலண்டரின் முன்பதிவுப் பக்கம் என எந்த முன்பதிவுக் கருவியைப் பயன்படுத்தினாலும் இந்த வரிசை பொருந்தும். அமைப்புப் பக்கங்களின் பெயர்கள்தாம் கருவிக்குக் கருவி மாறும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, முன்பதிவுக் கருவியின் சொந்த லிங்கை நேரடியாக முகவரிப் பட்டியில் ஒட்டி, உங்களுடைய இரண்டாவது மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு ஒரு சந்திப்பைப் பதிவு செய்யுங்கள். அது பதிவாகி, உங்கள் காலண்டரிலும் தெரிந்தால் கருவி நலமாக இருக்கிறது. அடுத்து, காலண்டரைப் பற்றிக் கவலைப்படாமல் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பி, அது வந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் படிவமும் நலம். இரண்டும் நலம் என்றால் பழுது இணைப்பில் இருக்கிறது, கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போகலாம். இரண்டில் ஒன்று தனியாகவே தோற்றால் அதைச் சரிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும். சோதனைப் பதிவை மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள்; இல்லையென்றால் அந்த நேரம் உண்மையான வாடிக்கையாளருக்குக் கிடைக்காமல் போகும்.

அறிகுறி 1: காலண்டர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது

உங்கள் கணினியில் மட்டும் வெறுமையாக இருக்கிறதா?

வேறொரு கைப்பேசியில், அலுவலக வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே தெரிகிறது என்றால் உங்கள் உலாவியில் உள்ள விளம்பரத் தடுப்பான் முன்பதிவுக் கருவியின் ஸ்கிரிப்டையும் (பக்கத்தில் அதை இயக்கும் சிறு நிரலையும்) சேர்த்துத் தடுத்திருக்கக்கூடும். அதை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். குக்கி ஒப்புதல் கேட்கும் பட்டை உங்கள் தளத்தில் இருந்தால், "ஏற்கிறேன்" என்று அழுத்தும்வரை வெளித்தளச் சட்டங்களை (வேறொரு தளத்தின் பக்கத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் கட்டங்களை) அது மறைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. ஒப்புதலை அழுத்தாமலும் அழுத்தியும் இரு முறை பாருங்கள்.

எல்லோருக்கும் வெறுமையாக இருக்கிறதா?

முதலில் அந்தச் சந்திப்பு வகை கருவியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, அதன் லிங்க் பெயர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "அரை மணி நேர ஆலோசனை" என்பதை யாரோ "ஆலோசனை" என்று சுருக்கும்போது லிங்கின் கடைசிப் பகுதியையும் திருத்திவிடுகிறார்கள்; தளத்தில் பதித்த நிரல் துணுக்கோ பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும்.

லிங்க் சரி என்றால், பதித்த துணுக்கு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் ஸ்கிரிப்ட், ஐஃப்ரேம் (மேலே சொன்ன வெளித்தளச் சட்டம்) குறிகளைச் சேர்க்க அனுமதியில்லாத கணக்கில் ஒருவர் நுழைந்து பக்கத்தைச் சேமித்தால், பாதுகாப்புக்காக அந்தக் குறிகளை வேர்ட்பிரஸ் நீக்கிவிடும். பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் போன அலுவலக ஊழியர், தமக்குத் தெரியாமலேயே காலண்டரையும் அழித்துவிடுகிறார். நிர்வாகி கணக்கில் நுழைந்து துணுக்கை மீண்டும் ஒட்டிச் சேமித்தால் போதும். அந்த ஊழியரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

துணுக்கும் இருக்கிறது, ஆனாலும் வெறுமை என்றால், பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துத் தளத்தின் வேகத்தைக் கூட்டும் கேச் பிளகினை (துணை நிரலை) சந்தேகியுங்கள். ஸ்கிரிப்டுகளைத் தாமதமாக ஏற்றும் வசதியும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கும் வசதியும் முன்பதிவுக் கருவியின் ஸ்கிரிப்டை முடக்குவதைப் பல முறை கண்டிருக்கிறேன். பிளகினை நிறுத்திப் பாருங்கள். காலண்டர் வந்துவிட்டால், பிளகினை மீண்டும் இயக்கி, விலக்குப் பட்டியலில் அந்தக் கருவியின் முகவரியைச் சேர்த்து, கேச்சை முழுவதும் அழித்துவிடுங்கள்.

கைப்பேசியில் பாதிதான் தெரிகிறதா?

சட்டத்தின் உயரம் போதவில்லை. கேலண்ட்லி தரும் பதிக்கும் துணுக்கில் குறைந்தபட்ச அகலம் 320 பிக்சல், உயரம் 700 பிக்சல் என்று இருக்கும். அழகுக்காக அந்த உயரத்தை 400 ஆகக் குறைத்தவர்கள், உறுதி செய்யும் பொத்தான் சட்டத்துக்குக் கீழே மறைந்துபோனதைக் கவனிப்பதில்லை. நம் பக்கத்து வாடிக்கையாளர்களில் மிகப் பலர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் இதைக் கணினியில் மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

எப்போது தொழில்நுட்பரை அழைப்பது?

எஃப்12 விசையை அழுத்தி, உலாவி பிழைகளை எழுதிக் காட்டும் கன்சோலைத் திறந்தால், சிவப்பு வரிகளில் "கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி" என்ற சொற்கள் தெரிகின்றன என்றால், உங்கள் சர்வரே வெளித்தளச் சட்டங்களைத் தடுக்கிறது. அது சர்வர் அமைப்பில் திருத்த வேண்டிய ஒன்று. அரைகுறையாகக் கைவைத்தால் தளம் முழுவதும் பாதிக்கப்படலாம் என்பதால் அதை ஹோஸ்டிங் பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: படிவம் போய்விடுகிறது, நேரம் தேர்ந்தெடுக்கும் பக்கம் திறக்கவில்லை

கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்துகிறீர்களா?

அதில் படிவத்தை அனுப்பியவுடன் வேறு பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடும் வசதி கிடையாது. உறுதிப்படுத்தும் செய்தியில் முன்பதிவு லிங்கை எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். "அனுப்பியதற்கு நன்றி" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, "உங்கள் சந்திப்பு இன்னும் பதிவாகவில்லை, நேரத்தைத் தேர்ந்தெடுக்க இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று எழுதுங்கள். நன்றி என்ற சொல்லைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று பக்கத்தை மூடுகிறவர்களே அதிகம்.

கான்டாக்ட் ஃபார்ம் 7 பயன்படுத்துகிறீர்களா?

இங்கேதான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். வேர்ட்பிரஸுக்கான இந்தப் படிவப் பிளகினில் அடுத்த பக்கத்துக்குத் திருப்பும் சிறு ஸ்கிரிப்ட், வழக்கமாக "மின்னஞ்சல் சென்றுவிட்டது" என்ற நிகழ்வைக் கேட்ட பிறகே இயங்கும்படி எழுதப்படுகிறது. உங்கள் சர்வரிலிருந்து மின்னஞ்சல் போகவில்லை என்றால் அந்த நிகழ்வே நடக்காது, ஆகவே பக்கமும் திரும்பாது. திருப்பும் ஸ்கிரிப்டை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பயனில்லை. மின்னஞ்சல் வழியைச் சரிசெய்ய வேண்டும். படிவத்தின் கீழே ஆரஞ்சு அல்லது சிவப்புக் கோடிட்ட பெட்டியில் பிழைச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நேராக அறிகுறி 6க்குச் செல்லுங்கள்.

புதிய சாளரத்தில் திறக்கும்படி அமைத்திருக்கிறீர்களா?

பயனர் நேரடியாகத் தொட்டதால் திறக்கும் சாளரத்தை உலாவி அனுமதிக்கும். படிவம் சர்வருக்குப் போய்த் திரும்பிய பின் தானாகத் திறக்க முயலும் சாளரத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதே சாளரத்தில் திறக்கும்படி மாற்றுங்கள். படிவமே ஐஃப்ரேமுக்குள் இருந்தால், அந்தச் சிறிய சட்டத்துக்குள்ளேயே காலண்டரும் திறந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முழுப் பக்கத்தில் திறக்கும் தேர்வு படிவக் கருவியின் அமைப்பில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி 3: பெயரும் கைப்பேசி எண்ணும் தவறாகச் செல்கின்றன

எனக்கு அதிக நேரம் பிடித்த பழுது இது. படிவத்தில் கேட்ட விவரங்களைக் காலண்டர் மீண்டும் கேட்கக் கூடாது என்பதற்காக, அவற்றை லிங்கின் வாலில், அதாவது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில், சேர்த்து அனுப்புகிறோம். அந்த வாலில் சில குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு.

கைப்பேசி எண்ணில் முன்னால் உள்ள கூட்டல் குறி காணாமல் போகிறதா?

ஓசூரில் ஒரு மருத்துவமனைத் தளத்தில், நோயாளிகள் +91 என்று தொடங்கும் எண்ணைச் சரியாகவே நிரப்பினார்கள். காலண்டரோ "எண் செல்லாது" என்று மறுத்தது. முகவரிப் பட்டியை உற்றுப் பார்த்தபோது கூட்டல் குறி இருந்தது; காலண்டரின் கட்டத்தில் அதே இடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. லிங்கின் வாலில் வரும் கூட்டல் குறியை இடைவெளி என்றே சர்வர்கள் படிக்கின்றன. அதை அனுப்பும்போது சதவீதக் குறி, 2, பி என்ற மூன்றெழுத்து வடிவில் மாற்றி அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே உள்ள குறியேற்றக் கட்டளையை ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இந்த மாற்றம் தானாக நடக்கும். முழு லிங்குக்கும் ஒரே முறை பயன்படுத்தினால் லிங்கே உடைந்துவிடும்.

நிறுவனப் பெயர் பாதியில் அறுபடுகிறதா?

பெயரில் & குறி இருக்கிறது. லிங்கில் அந்தக் குறி அடுத்த விவரம் தொடங்குகிறது என்று பொருள்படும் என்பதால், "அண்ட் சன்ஸ்", "அண்ட் கோ" என்பதைக் குறியாக எழுதும் எல்லா நிறுவனங்களின் பெயரும் முதல் சொல்லோடு நின்றுவிடும். மருந்து முன்னதேதான். தமிழில் நிரப்பிய பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறுவதும் இந்தக் குறியேற்றம் விடுபட்டதால் இருக்கக்கூடும்.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிந்து குழம்புகிறதா?

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. படிவத்தில் ஒரே கட்டத்தில் முதலெழுத்தோடு பெயரை எழுதினால், அதை இடைவெளியில் வெட்டும் ஸ்கிரிப்ட் முதலெழுத்தை முதல் பெயராகவும் உண்மையான பெயரைக் குடும்பப் பெயராகவும் அனுப்பும். பிறகு நினைவூட்டல் மின்னஞ்சல் "வணக்கம் மு." என்று போகும். வாடிக்கையாளர் இதை அவமதிப்பாகக் கருதினால் அவர்மீது தவறில்லை. முன்பதிவுக் கருவியில் பெயருக்கு ஒரே கட்டம் என்ற தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் குடும்பப் பெயரைக் கட்டாயமற்றதாக்கி, முழுப் பெயரையும் முதல் கட்டத்துக்கே அனுப்புங்கள்.

விடைகள் இடம் மாறி விழுகின்றனவா?

கேலண்ட்லியில் உங்கள் சொந்தக் கேள்விகளுக்கான விடைகள் ஏ1, ஏ2, ஏ3 என்ற வரிசை எண்ணால் செல்கின்றன. கேள்விகளின் வரிசையை யாரேனும் மாற்றியிருந்தால், ஊர் கேட்ட இடத்தில் டன் அளவும், டன் அளவு கேட்ட இடத்தில் ஊரும் நிற்கும். கேள்விகளை மாற்றும்போது லிங்கையும் உடன் மாற்ற வேண்டும்.

மின்னஞ்சல் முகவரி செல்லாது என்று வருகிறதா?

கைப்பேசி விசைப்பலகை பரிந்துரைத்த முகவரியைத் தொட்டால் இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கிய பின் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருத்துவமனைப் படிவத்தில் நோயாளி எழுதும் நோய் விவரத்தை லிங்கின் வாலில் வைத்து அனுப்பாதீர்கள். அந்த லிங்க் உலாவியின் வரலாற்றிலும் சர்வர் பதிவேடுகளிலும் அப்படியே தங்கும். வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பெயரும் தொடர்பு எண்ணும் போதும். மற்றதை மருத்துவர் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.

அறிகுறி 4: காலண்டர் தெரிகிறது, காலி நேரமே இல்லை

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். முன்பதிவு அனுமதிக்கும் தேதி வரம்பு முடிந்திருக்கலாம். "குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்" என்ற நிபந்தனையும் "அடுத்த 2 நாட்களுக்கு மட்டும்" என்ற வரம்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றைக் கருவியின் அமைப்பில் ஐந்து நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

இவை சரி என்றால் இணைத்த காலண்டரைத் திறந்து பாருங்கள். கூழ் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர் தம் காலண்டரில் மே முதல் ஜூலை வரை "சீசன்" என்று ஒரே நீண்ட நிகழ்வாகக் குறித்து, அதை "பிஸி" நிலையில் வைத்திருந்தார். அவருக்கு அது நினைவுக் குறிப்பு; முன்பதிவுக் கருவிக்கோ மூன்று மாதம் முழுவதும் ஆள் இல்லை என்ற பொருள். வெளிநாட்டு வாங்குநர்கள் பேச நினைக்கும் அதே மூன்று மாதங்களில் ஒரு நேரம்கூடக் காட்டப்படவில்லை. அந்த நிகழ்வின் நிலையை "ஃப்ரீ" என்று மாற்றிய உடனே நேரங்கள் தோன்றின. பண்டிகை, திருமணம், கோயில் விழா எனக் குடும்பக் காலண்டரையும் சேர்த்து இணைத்தவர்கள், எந்தெந்தக் காலண்டரைக் கருவி சரிபார்க்கிறது என்ற பட்டியலையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

காலண்டரில் நிகழ்வுகளே இல்லை, ஆனாலும் நேரம் காட்டவில்லை என்றால், காலண்டர் இணைப்பு அறுபட்டிருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு இது நிகழ்வதுண்டு. இணைப்பைத் துண்டித்து மீண்டும் அனுமதி கொடுங்கள். அலுவலகக் கணக்கில் அந்த அனுமதியே மறுக்கப்பட்டால், கணக்கின் நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி 5: நேரம் மாறிப் பதிவாகிறது

படிவத்திலும் "உங்களுக்கு வசதியான நேரம்" என்று கேட்டிருக்கிறீர்களா?

அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள். படிவத்தில் எழுதும் நேரத்துக்கு நேர மண்டலம் கிடையாது. காலண்டரில் தேர்ந்தெடுக்கும் நேரத்துக்கு உண்டு. இரண்டையும் கேட்டால் இரண்டும் முரண்படும், ஊழியர் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்.

வெளிநாட்டு வாங்குநர்கள் ஒரு மணி நேரம் முன்பின்னாக வருகிறார்களா?

கிரானைட் நிறுவனம் ஒன்றின் தளத்தில், "இந்திய நேரம் மாலை 4.00, ஜெர்மனி நேரம் காலை 11.30" என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அது சரி. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால், அதன் பிறகு நமது மாலை 4.00 என்பது அங்கே பகல் 12.30. தளத்தில் எழுதியதை நம்பி 11.30க்கு இணைந்தவர் ஒரு மணி நேரம் யாருமற்ற அறையில் காத்திருந்தார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழைய நிலை திரும்பும். அமெரிக்காவில் இதே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் நடக்கிறது. துபாயில் இந்த மாற்றம் கிடையாது, எப்போதும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியே இருக்கும். ஆகவே கையால் எழுதிய நேரங்களைத் தளத்திலிருந்தும் மின்னஞ்சல் வார்ப்புகளிலிருந்தும் முழுவதும் எடுத்துவிட்டு, பார்வையாளரின் நேர மண்டலத்தில் கருவியே காட்டும் நேரத்தை மட்டும் வையுங்கள்.

சந்திப்பு நேரில் நடப்பதா?

அப்படியானால் நேர மண்டலத்தை இந்தியாவுக்குப் பூட்டிவிடுங்கள். வெளிநாட்டில் உள்ள மகன் அங்கிருந்தபடி தருமபுரியில் உள்ள தாய்க்குப் பதிவு செய்யும்போது, அவர் பார்க்கும் நேரம் மருத்துவமனையின் நேரமாகவே இருக்க வேண்டும்.

விரிதாளில் மட்டும் தேதி மாறுகிறதா?

05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள விரிதாளுக்கு மே 6. கூகுள் ஷீட்ஸ் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள்.

அறிகுறி 6: பதிவாகிறது, ஆனால் செய்தி வந்து சேரவில்லை

முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால், படிவ மின்னஞ்சலின் அனுப்புநர் முகவரி என்னவென்று பாருங்கள். உங்கள் சர்வரிலிருந்து புறப்படும் மின்னஞ்சலில் அனுப்புநராக ஜிமெயில் முகவரியையோ வாடிக்கையாளரின் முகவரியையோ வைத்தால் அது போலி அஞ்சலாகக் கருதப்படும். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரியை வைத்து, வாடிக்கையாளரின் முகவரியைப் பதிலளிக்கும் முகவரியாக மட்டும் வையுங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் ஒவ்வொரு டொமைனும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு (அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவு) ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. தளத்தின் அஞ்சலை முறையான அஞ்சல் கணக்கு வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றை நிறுவுவது நீங்களே செய்யக்கூடியது. டொமைன் பதிவுகளில் கைவைப்பதற்கு மட்டும் தெரிந்தவரை அழையுங்கள். அங்கே ஒரு வரி தவறினால் அலுவலக அஞ்சல் முழுவதும் நின்றுவிடும்.

மின்னஞ்சல் வருகிறது, விரிதாளில் மட்டும் சேரவில்லை என்றால், நடுவில் உள்ள தானியங்கிக் கருவியின் மாத வரம்பு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100 பணிகள்தான். மாதத் தொடக்கத்தில் ஒழுங்காக ஓடி, பிற்பகுதியில் நின்றுபோகும் இணைப்பு என்றால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஒரே சந்திப்பு இரண்டு வரிகளாக விழுந்தால், படிவமும் காலண்டரும் தனித்தனியே வரி சேர்க்கின்றன என்று பொருள். ஒன்றை நிறுத்த வேண்டும் என்றால் படிவத்தின் வரியை நிறுத்தாதீர்கள். படிவத்தை நிரப்பிவிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல் போனவர்கள் அந்த வரியில்தான் தெரிவார்கள், அவர்களை நீங்களே அழைத்துப் பேசலாம். காலண்டரின் பதிவு புதிய வரியைச் சேர்க்காமல், மின்னஞ்சல் முகவரியைத் தேடி அதே வரியை நிறைவு செய்யும்படி அமைப்பதே சரி. சொந்த வெப்ஹூக் (பதிவானதும் கருவி உங்கள் சர்வருக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வழி) எழுதியவர்களுக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு: உங்கள் சர்வர் உரிய நேரத்தில் வெற்றி என்று பதிலளிக்காவிட்டால், கருவி அதே செய்தியை மீண்டும் அனுப்பும். இதை எழுதியவரிடமே கொடுத்துத் திருத்துங்கள்.

தொழில்நுட்பரை அழைக்கும்போது கொடுக்க வேண்டியவை

எந்தப் பக்கத்தில், எந்தக் கைப்பேசியில், எந்த நாளில் எத்தனை மணிக்குப் பிழை வந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் தளத்தில் என்ன மாற்றினீர்கள். கன்சோலில் தெரிந்த சிவப்பு வரிகளின் படம். மேலே சொன்ன முதல் இரண்டு சோதனைகளின் முடிவு. இவற்றை ஒரே செய்தியில் அனுப்பினால், அவர் அரை நாள் தேட வேண்டியது அரை மணி நேரத்தில் முடியும். கடவுச்சொல்லையும் ஏபிஐ சாவியையும் (கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ரகசியக் குறியீட்டையும்) வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வேர்ட்பிரஸில் அவருக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்த அன்றே அதை நீக்கிவிடுங்கள். அவர் திருத்தி முடித்ததும், அவர் எதிரிலேயே உங்கள் கைப்பேசியிலிருந்து முதலெழுத்தோடு கூடிய பெயரையும் +91 எண்ணையும் நிரப்பி, உறுதி மின்னஞ்சல் வந்து சேரும்வரை ஒரு பதிவைச் செய்து பாருங்கள்.